கரையேறும் வித்தை

நாய்க்கு நீந்தத் தெரியும் என்பது யாவரும் ஒப்புக்கொண்ட விஷயம். அப்படி நீந்தத் தெரிந்த பிராணியே நீச்சல் தடாகத்தில் மூழ்கி உயிர் விடுகிறது என்பதை, ஹட்டன் பக்கத்துப் பங்களாவொன்றில் நாய்களையும் தடாகத்தையும் ஒருசேரக் கவனிக்கும் உத்தியோகத்தில் இருக்கிற என்னைப் போன்றவர்கள் கணமும் மறக்க முடிவதில்லை.

காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றித் துரைமார் குடியிருந்த பழைய பங்களாக்களில் சில இப்போது விருந்தினர் விடுதிகளாகிவிட்டன. தேயிலை மலை சரிந்து இறங்குகிற இடத்தில், புல்தரையின் ஓரமாக, அவற்றில் தடாகமும் அமைந்திருக்கிறது. சித்திரை பிறந்ததும், கொழும்பின் உஷ்ணத்துக்குத் தப்பி, நுவரெலியாவின் வசந்தகாலக் குதிரைப் பந்தயத்தையும் மலர்க் கண்காட்சியையும் முன்னிட்டு மலையேறும் குடும்பங்கள் தங்கள் நாய்களையும் அழைத்து வருகின்றன. வாகனக் கதவு திறந்த மாத்திரத்தில் நாய் தண்ணீரைக் காண்கிறது. எனது வேலை அங்கே ஆரம்பமாகிறது.

இம்மலைகளில் நாயும் நீரும் சேர்ந்த கதை புதிதல்ல. 1848இல் நுவரெலியாவில் குடியேறி, 1854இல் தமது இலங்கை வேட்டை அனுபவங்களை நூலாக வெளியிட்ட சாமுவேல் பேக்கர், துரத்தப்பட்ட மரை ஆற்று மடுவில் இறங்கி நின்று எதிர்ப்பதையும், வேட்டை நாய்கள் அதன்மேல் நீரில் பாய்வதையும் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். ஆற்றில் வெள்ளமும் பாறையும் உண்டு. ஆயினும் எங்கேனும் ஒரு சரிவான கரையும் உண்டு. தடாகத்துக்கோ நான்கு புறமும் செங்குத்தான வழுக்குச் சுவர். ஏறிவரப் படி இருப்பது ஒரே மூலையில். நாயின் ஸ்வபாவம், தான் குதித்த இடத்துக்கே திரும்பி, அங்கேயே கரையேற முயல்வது. அங்கே படி இல்லையென்றால், கைக்கெட்டும் தூரத்தில் படி இருந்தும், சுவரைப் பிறாண்டிப் பிறாண்டியே அது களைத்துப்போகும்.

யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், அவருடைய நாயை நான் படியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, “என்ன அண்ணை, நாய்க்கும் நீந்தப் பழக்க வேணுமே?” என்று சிரித்தார். “நீந்தப் பழக்கலீங்க ஐயா, ஏறப் பழக்குறேங்க” என்றேன். என் தொழிலின் சாரம் முழுவதும் அவ்வளவுதான்.

பழக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். கழுத்துப் பட்டியில் இழுத்தால் மூச்சு முட்டும் என்பதால், மார்பைச் சுற்றிய வாரில் கயிற்றைக் கட்டி, நானும் உடன் இறங்கி, முதற்படியில் நாயை நிற்க வைப்பேன். அச்சம் தெளிந்தபின் அடுத்த படி. கால் தரையை விட்டு எழும்பியதும் முகத்தைப் படியின் பக்கம் திருப்பி, தானாக ஏற விடுவேன். பிறகு ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் அதையே செய்து, எந்த மூலையில் விட்டாலும் படியைத் தேடி வருகிறதா என்று பார்ப்பேன். படியருகே ஒரு மஞ்சள் வாளியை அடையாளமாக வைப்பது வழக்கம். நாயின் கண்ணுக்கு மஞ்சளும் நீலமும் நன்றாகப் புலப்படும், சிவப்போ பச்சைப் புல்லோடு கலந்து மங்கிவிடும். குட்டைக்கால் டாக்ஸ்ஹுண்டுக்கும், சப்பை மூக்குப் பக்குக்கும், தலை கனத்த புல்டாக்குக்கும் மிதவைச் சட்டை இல்லாமல் தண்ணீர் கிடையாது.

மூழ்கும் நாய் பெரும்பாலும் குரைப்பதில்லை. ஆகையால் காதை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டும். முதுகு நீர்மட்டத்தோடு நேராக இருக்கும்வரை கவலையில்லை. பின்பாகம் தாழ்ந்து, தலை மேல்நோக்கி, முன்கால்கள் நீருக்கு மேலே அறையத் தொடங்கினால் அது களைத்துவிட்டது. பந்தை ஓயாமல் எறிந்து விளையாடுவோர் மற்றொன்றையும் அறிய வேண்டும்: ஒவ்வொரு தடவையும் வாயில் பந்தோடு தண்ணீரும் உட்செல்கிறது, அது மிகுந்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து, வாந்தியும் தள்ளாட்டமும் கண்டு, பிராணாபாயமும் நேரலாம்.

சமவெளியில் கோடை என்றால் வெப்பத்துக்கு அஞ்சுகிறார்கள். எங்களுக்குக் கோடையிலும் குளிரே சத்துரு. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவின் வருடச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகைதான். ஹட்டன் அதைவிடத் தாழ்வானாலும், மலை ஊற்று நீர் நிரம்பிய தடாகம் உச்சி வெயிலிலும் ஜில்லென்றிருக்கும். நாயின் சரீர உஷ்ணமோ 38 பாகைக்கு மேல். ஆகவே உடல் நடுங்கத் தொடங்கியவுடனே வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் குளோரினைக் கழுவி, காதுகள் உட்படத் துவட்டி, குசினி அடுப்பின் பக்கம் படுக்க வைக்க வேண்டும். மாலையில் மூடுபனி இறங்கினால் தடாகத்தின் விளிம்பு மனிதனுக்கே தெரியாது. அந்நேரம் வேலிக் கதவைப் பூட்டிவிடுவேன். தடாகத்தின்மேல் விரித்த மூடுதுணியையும் நம்பலாகாது. தரையென்று நினைத்துக் கால் வைக்கும் நாய் அதனடியில் சிக்கிக்கொள்ளும்.

எல்லாம் மீறி நாய் மூச்சின்றிக் கிடந்தால், தலையைத் தாழ்த்தி வாய்நீரை வடியவிட்டு, பக்கவாட்டில் கிடத்தி, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது வீதம் மார்பை அழுத்த வேண்டும். முப்பது அழுத்தத்துக்கு இரண்டு தடவை, வாயை மூடிப் பிடித்து மூக்கின் வழியே ஊத வேண்டும். எழுந்து வாலாட்டினாலும் வைத்தியரிடம் காட்டியே தீர வேண்டும். நுரையீரலில் புகுந்த நீரின் உபாதை சில மணி நேரம் கழித்தே தலைகாட்டக்கூடும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலையோ இங்கிருந்து வளைவுகள் நிறைந்த நெடும்பாதையின் முடிவில் இருக்கிறது.

ஆதலால் இவ்வருஷம் நாயோடு மலையேறி வருவோரிடம் என் வேண்டுகோள் ஒன்றே: பந்தை எடுப்பதற்கு முன் படியைக் காட்டுங்கள், அதற்கு அவகாசமில்லையென்றால் வேலிக் கதவைப் பூட்டி வையுங்கள்.