கருவி பேணல்

கருவியைச் செய்தவன் ஒருவன். அதனைக் கையாள்பவன் மற்றொருவன். இவ்விருவரையும் உலகம் அறியும். இவர்க்கிடையே அமர்ந்து, அழுக்கு நீக்கி, எண்ணெயிட்டு, தேய்ந்த உறுப்பை மாற்றி, அக்கருவியை மறுநாளைக்கு ஆயத்தம் செய்யும் மூன்றாமவனை எண்ணுவார் அரியர். அம்மூன்றாமவனாகச் சில கிழமைகள் இருக்கும் வாய்ப்புக் கடந்த கோடை விடுமுறையில் எமக்குக் கிட்டியது. பெயிண்ட்பால் என்னும் விளையாட்டு நடைபெறும் திடல் ஒன்றில், மார்க்கர் எனப்படும் துப்பாக்கிகளைத் துடைத்துப் பேணுதலே எமக்கிட்ட பணி. அதனால் யாம் அறிந்தன சிலவற்றை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

இவ்விளையாட்டு மிகப் பழையதன்று. 1970-களில் ஐக்கிய அமெரிக்க நாட்டு நெல்சன் என்னும் வண்ணக்குழம்பு நிறுவனத்தார், வெட்டுதற்குரிய மரங்களுக்கும், மந்தையிற் பிரித்தறிய வேண்டிய மாடுகளுக்கும் தொலைவில் நின்றே அடையாளமிடுதற்பொருட்டு ஒரு கைத்துப்பாக்கியை விற்றுவந்தனர். டெய்சி நிறுவனத்தார் செய்தளித்த அக்கருவிக்கு நெல்ஸ்பாட் 007 என்பது பெயர். 1981-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹெனிக்கர் என்னும் ஊரில், சார்லஸ் கெயின்ஸ், ஹேய்ஸ் நோயல், பாப் கர்ன்சி என்னும் நண்பர் மூவர் அக்கருவியைக் கொண்டே ஒரு போட்டியை அமைத்தனர். பன்னிருவர் காட்டினுட் புகுந்தனர். பிறரால் அடிபடாது கொடிகளைக் கைக்கொண்டு மீள்வதே வெற்றி. வென்றவர் காட்டுத்தொழிலிற் பழகிய ஒருவர். அவர் ஓர் உண்டையும் எய்யாமலே வென்றார் என்பர். இங்ஙனம் மரத்திற்கு அடையாளமிட்ட கருவி மாந்தர்க்கு அடையாளமிடும் கருவியாயிற்று. மார்க்கர் என்னும் பெயர் மட்டும் மாறாது நின்றது.

இக்கருவியின் இயல்பை அறிய, முதலில் அதன் உண்டையை அறிதல் வேண்டும். பெரும்பாலும் வழங்கும் உண்டையின் குறுக்களவு 0.68 அங்குலம், நிறை ஏறக்குறைய 3 கிராம். மருந்துக் குளிகைகளின் உறை எப்பொருளால் ஆகியதோ அந்த ஜெலட்டினே இதற்கும் தோல். உள்ளிருக்கும் குழம்பு நீரிற் கரைவது. ஆதலின் ஆடையிற் பட்டாலும் வெளுத்துவிடலாம். இவ்வுண்டையிடம் நாம் வேண்டுவனவோ ஒன்றற்கொன்று மாறானவை. எதிரியின்மேற் பட்டவுடன் அது உடைதல் வேண்டும். குழலினுள் ஒருபோதும் உடைதலாகாது. உள்ளே ஒன்று உடைந்துவிடின், அதன் குழம்பு குழலின் சுவரிற் படியும். பின்வரும் உண்டை அதிற் புரண்டு நெறி பிறழ்ந்து செல்லும். சிலபொழுது அதுவும் உள்ளேயே உடையும். ஒன்றன் கேடு அடுத்ததற்கும் கேடாதல் இங்குக் கண்கூடு.

துடைத்தலுக்கு முன் செய்யவேண்டுவதே இப்பணியில் தலையாயது. எமக்குப் பணி கற்பித்த மூத்த பணியாளரை யாவரும் அண்ணன் என்றே அழைப்பர். அவர் முதல்நாள் எம் கையில் துணியைக் கொடுக்கவில்லை; முகக்காப்பைக் கொடுத்தார். “தம்பி, திடலுக்குள்ளே போகிறவனுக்கு மட்டுமன்று, துடைக்கிறவனுக்கும் கண் இரண்டுதான்” என்றார். முகக்காப்பை அணிதல், உண்டைக் கொள்கலத்தைக் கழற்றுதல், காற்றுக் குடுவையை மெல்லத் திருகி நீக்குதல், பின் குழலை நிலத்தை நோக்கிப் பிடித்து, உள்ளே தங்கிய காற்று ஒழியுமளவும் விசையை இழுத்தல் என்னும் இவ்வொழுங்கு ஒருநாளும் மாறலாகாது. குடுவையிலுள்ள காற்று, சதுர அங்குலத்திற்கு 3000 இறாத்தல் அழுத்தமுடையது. 4500 இறாத்தல் கொள்வனவும் உண்டு. குடுவையைத் திருகும்பொழுது அதன் தலையிலுள்ள அடைப்பும் உடன் திரும்புகின்றதா என்று உற்று நோக்குதல் வேண்டும். அடைப்பு மட்டும் கழலுமாயின் குடுவையே எறிபடையாகிப் பறக்கும். கரியமில வாயுக் குடுவைகளால் இவ்வாறு உயிர்ச்சேதமும் நேர்ந்தமையால், 2004-ஆம் ஆண்டில் அமெரிக்க நுகர்பொருட் பாதுகாப்பு ஆணையத்தார் மக்களை எச்சரித்தனர்.

காற்று ஒழிந்தபின் கருவி சாதுவாகும். எம் திடலில் இருந்தவை பின்னுந்து வகையின. விசையை இழுத்தவுடன் சம்மட்டி முன்சென்று அடைப்பை மோதும். வெளிப்படும் காற்றில் ஒருபகுதி உண்டையை உந்தும், மற்றொருபகுதி சம்மட்டியைப் பின்தள்ளி மீண்டும் பழைய நிலையில் நிறுத்தும். ஒரே மூச்சில் செலவும் மீட்சியும் நிகழ்தல் வியப்புக்குரியது. உடலின் இருபாதிகளையும் சிப்பியைத் திறப்பதுபோலத் திறந்து, ஒவ்வோர் உறுப்பையும் எடுத்த முறையிலேயே வெள்ளைத் துணியின்மேல் வரிசையாக வைப்போம். ஈரத்துணியால் குழம்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைப்போம். ஈரம் சிறிது நிற்பினும், ஜெலட்டின் அதனை ஏற்று ஊதி இளகும். நாளைய உண்டை உள்ளேயே உடையும். குழலினுள் மெல்லிய வட்டுப் பொருந்திய கோலைச் செலுத்தி இழுத்து, வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்ப்போம். ஒரு கறையுமின்றி ஒளிவட்டம் தோன்றுமாயின் அக்குழல் தேறிற்று.

காற்றுக் கசியாமற் காப்பன சிறு ரப்பர் வளையங்களே. விலையோ அற்பம், ஒன்று பிளந்தாலும் கருவி முழுதும் பயனற்றதாம். அவற்றிற்கு இதற்கென்றே செய்த எண்ணெயைச் சில துளி இடுதல் வேண்டும். வீட்டுக் கீலுக்கும் மிதிவண்டிக்கும் இடும் தெளிப்பெண்ணெய் சிலவகை ரப்பரை ஊதச்செய்து கெடுத்துவிடும். வளையத்திற்கு உயிரான எண்ணெய் குழலிற் படின் அதுவே குற்றமாம். உண்டை வழுக்கி நெறி தவறும். ஒன்றற்கு மருந்தாவது அதனை அடுத்ததற்கு நஞ்சாதலை இதனினும் தெளிவாக யாம் எங்கும் கற்றிலோம்.

எல்லாம் பூட்டியபின் வேகமானியின்முன் எய்து பார்த்தல் கடைசிப்பணி. நொடிக்கு 300 அடி என்பது இவ்விளையாட்டில் நெடுங்காலம் வழங்கிவரும் உயர்வரம்பு. எம் திடலில் 280 அடிக்கு மேற்பட விடுவதில்லை. ஒருநாள் பிறந்தநாள் கொண்டாட வந்த சிறுவர் குழு வாயிலில் ஆரவாரித்து நிற்க, ஒரு கருவி 306 என்று காட்டிற்று. ஒரு கருவி குறைந்தாலும் ஒரு சிறுவன் வெளியில் நிற்க நேரும். “ஒன்றுதானே, கொடுத்துவிடுங்கள்” என்றார் உடன்வந்த பெரியவர். அண்ணன் மறுமொழி கூறவில்லை. வேகத் திருகை ஆணியைத் தளர்த்தி எய்தார், 291. மீண்டும் தளர்த்தி எய்தார், 274. பின்னரே அதனைச் சிறுவன் கையிற் கொடுத்தார். பத்து நிமிடம் கழிந்தமையால் அப்பெரியவர் முகம் சுளித்தார். காக்கப்பட்ட தீங்கு கண்ணுக்குப் புலனாவதன்று. ஆதலால் காத்தவனுக்கு நன்றியும் இல்லை. அன்று மாலையும் அண்ணன் வழக்கம்போலவே பாடிக்கொண்டு துடைத்தார்.

“தமிழ் படிக்கிற பிள்ளைக்குத் துப்பாக்கி துடைக்கிற வேலையா?” என்று எம் அத்தை வருந்திக் கேட்டார். அவர்க்கு அப்பொழுது மறுமொழி சொல்லாது முறுவலித்தோம். கல்லூரி திறந்து புறநானூற்றின் 95-ஆம் பாட்டைப் பாடங்கேட்டபொழுது அம்மறுமொழி தோன்றிற்று. அதியமான்பொருட்டுத் தூதுசென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகின்றான். அங்குள்ளவை பீலியும் மாலையும் சூடி நெய்பூசி விளங்குகின்றன. அதியமான் படைகளோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனது சிறு கொட்டிலிற் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்தலும் இகழ்வதுபோற் புகழ்தலும் இப்பாட்டின் நயம் என்பர், அது மெய்யே. ஆயினும் எம் மனம் அரசர் இருவரையும் விட்டு அக்கொல்லனிடம் சென்றது. முரிந்த வேல் அங்குக் கிடப்பது ஓய்வுக்கன்று, மீண்டும் களம் புகுதற்கே. நெய்பூசுவான் இருகொட்டிலிலும் உளன். ஒருவன் காட்சிக்குப் பூசுகின்றான், மற்றவன் நாளைக்குச் செப்பனிடுகின்றான்.

இன்னும் ஒன்று. அப்பாட்டு நம் கைக்கு எங்ஙனம் வந்தது? டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சிடுதற்குமுன், அது பனையோலையில் வாழ்ந்தது. பூச்சி அரிக்கும் ஓலையைத் துடைத்து, எண்ணெய் பூசி, இற்றுப்போகுமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதிய பேர் தெரியாதார் எத்துணையர்! புலவரை அறிவோம், பதிப்பித்தவரையும் அறிவோம். இடைநின்று தலைமுறை தலைமுறையாகத் துடைத்தவரை யார் அறிவார்?

அத்தைக்கு இனி யாம் இதனையே சொல்வோம்: தமிழ் படிப்பவனுக்குத் துடைக்கும் பணி புதிதன்று.