புறவாசல் தளம்

எங்கள் வீட்டுப் புறவாசலில் இரண்டு தடவை கான்கிரீட் தளம் போட்டோம். முதல் தளம் 2019-இல் என் இஷ்டத்துக்குப் போட்டது. இரண்டாவது 2024-இல் கொத்தனார் இஷ்டத்துக்குப் போட்டது. இந்த வித்தியாசத்தைத்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன். நம் ஊரில் ரிட்டையர் ஆனவர்கள் பணம் கைக்கு வந்ததும் செய்கிற முதல் வேலை இதுவாகத்தான் இருக்கிறது. யாருக்காவது உதவும்.

துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் 34 வருடம் வேலை பார்த்தேன். எத்தனையோ ஆயிரம் மூடை சிமெண்டுக்குப் பில் பாஸ் பண்ணியிருக்கிறேன். அதனாலேயே கட்டிட வேலையும் தெரியும் என்று ஒரு நினைப்பு. தாளில் இருக்கிற சிமெண்டு வேறு, சட்டியில் இருக்கிற சிமெண்டு வேறு என்பது அப்போது தெரியாது.

ஆசை சாதாரணமானதுதான். பனிமய மாதா கோவில் திருவிழா வந்தால் ஜூலை 26 கொடியேற்றம் முதல் ஆகஸ்டு 5 வரை எங்கள் வீட்டில் ஆள் குறையாது. சென்னையிலிருந்து மகள் குடும்பம், கூட வேலை பார்த்தவர்கள், பழைய பள்ளிக்கூடத்து நண்பர்கள் என்று வருவார்கள். சாயங்காலம் கடல் காற்று வரும்போது வேம்பின் அடியில் நாற்காலி போட்டு உட்கார ஒரு தளம் வேண்டும். 20 அடிக்கு 15 அடி, நாலு அங்குல கனம்.

கொத்தனார் அண்ணாச்சி எங்கள் தெருவுக்கே பழக்கமானவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவரும் என்னை அண்ணாச்சி என்பார். வந்து இடத்தைப் பார்த்தார். கிணற்றில் ஒரு வாளி இறைத்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

"அண்ணாச்சி, இந்தத் தண்ணி ஆகாது. கலவைக்கும் நல்ல தண்ணி வேணும், பொறவு நனைக்கதுக்கும் நல்ல தண்ணி வேணும்."

"குடிக்கவா போறோம்? தரைக்குத்தானே."

"கம்பி போடணும்னு சொல்லுதீங்கள்லா, அதான். உப்பு கம்பியைத் தின்னுரும். மண்ணு மேல கெடக்க தளத்துக்குக் கம்பியே வேண்டாம். பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தியாப் போட்டாப் போதும்."

கம்பி இல்லாத கான்கிரீட்டா? எனக்கு மனசு ஒப்பவில்லை. கம்பியும் போடச் சொன்னேன், கிணற்றுத் தண்ணீரையே எடுக்கவும் சொன்னேன். சுற்றிலும் இரண்டு அடி மண் விடுங்கள் என்றார். மண் தெரியக்கூடாது, வேப்பஞ்சருகு பெருக்க வசதியாக இருக்காது என்றேன். "வேம்புக்கு மூச்சு விட இடம் வைங்க" என்று என் மனைவி சொன்னதற்காக மரத்தைச் சுற்றி ஒரு அடி விட்டேன். அவர் அதற்குமேல் பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். முதல் நாள் போட்டு, ஐந்தாம் நாள் மகள் வருகிறாள் என்று நாலு நாளோடு தண்ணீர் விடுவதையும் நிறுத்திவிட்டேன்.

இரண்டு திருவிழா நன்றாகத்தான் போனது. மூன்றாம் வருடம் தளத்தில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். பிறகு கம்பி ஓடுகிற வழியிலேயே கோடு கோடாக விரிந்தது. கோட்டு ஓரத்தில் செம்பழுப்புக் கறை. ஒரு நாள் நாற்காலி கால் பட்டு ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. உள்ளே கம்பி பக்கோடா மாதிரி உதிர்ந்தது. இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு உப்பும், அது உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ஐயும் மருமகன் எடுத்துக் காட்டினார். கலவைத் தண்ணீரில் குளோரைடு உப்பு, கம்பி போட்ட கான்கிரீட் என்றால் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கம்பி இல்லாவிட்டால் 2,000 வரை தாங்கும். கொத்தனார் நாக்கால் சொன்னதும் இதைத்தான்.

மனசைச் சுட்டது என்னவென்றால், நான் மிச்சம் பிடித்தது ஒரு லாரித் தண்ணீர்க் காசுதான். அந்தத் தளத்துக்கு 18 மூடை சிமெண்டு ஆனது. ஒரு மூடைக்கு முப்பது லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் கலவைக்கு 550 லிட்டர் கூட வராது. கணக்குப் பிரிவில் 34 வருடம் இருந்தவன் போட்ட கணக்கு இது.

அதற்குப் பிறகு 2023 டிசம்பர் 17, 18 வந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தெருவில் வடிந்த பிறகும் எங்கள் புறவாசலில் மட்டும் நாலு நாள் நின்றது. போக மண் இல்லை. வாட்டம் வேறு வீட்டுப் பக்கமே சரிந்து கிடந்தது. அடுப்படி வாசலில் முறத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடத் தேவலை.

பொங்கல் கழிந்து கொத்தனார் வீட்டுக்கு நானே போனேன். "அன்னைக்கு நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும் அண்ணாச்சி" என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, குத்திக் காட்டவும் இல்லை. "எனக்கும் வருத்தம்தான். நான் போட்ட தளம்னுதானே ஊருல சொல்லுவாங்க" என்றார். அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. பணம் என்னுடையது, பெயர் அவருடையது.

பழைய தளத்தை உடைத்தபோது அடியில் வெள்ளையாக ஒரு அடுக்கு வந்தது. என் தகப்பனார் காலத்துச் சுண்ணாம்புத் தரை. செங்கல் ஜல்லியோடு பவளக்கல் துண்டும் கிடந்தது. அந்தக் காலத்தில் தீவுகளிலிருந்து பவளப்பாறையை வெட்டி வந்து சுவர் வைத்தார்கள், சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள். கம்பி இல்லாத தரை என்பதால் உப்பு அதை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதற்கும் ஒரு விலை கொடுத்திருக்கிறோம். நம் ஊருக்கு எதிரே இருந்த விலாங்குசல்லித் தீவு மூழ்கிப் போனதற்குப் பாறையை வெட்டியதும் ஒரு காரணம். 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. இப்போது பவளப்பாறையைத் தொட்டாலே குற்றம். அது சரியும்தான். அந்த வெள்ளைத் துண்டு ஒன்றைக் கழுவி மேசைமேல் வைத்திருக்கிறேன்.

புதுத் தளம் 16 அடிக்கு 12 அடி. 12 மூடை சிமெண்டு. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுதான் வாங்கச் சொன்னார். அனல் மின் நிலையச் சாம்பல்தான் அதில் சேர்வது. உப்புக் காற்றுக்கு அது நல்லது, ஆனால் நாள் கூடத் தண்ணீர் கேட்கும் என்றார். மண்ணைத் திமிசுக்கட்டையால் இறுக்கி, சரளை பரப்பினார். கம்பி கிடையாது. எட்டுக்கு ஆறு அடியாக நாலு பாத்தி, இடையில் இடைவெளி. வீட்டிலிருந்து சுவர்ப் பக்கம் ஒன்றரை அங்குலம் வாட்டம். சுற்றிலும் இரண்டு அடி மண்.

தண்ணீர் லாரி வந்தது. ஓரத்தில் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தி, பத்து நாள் காலையும் மாலையும் நானே பார்த்துக்கொண்டேன். யாரையும் கால் வைக்க விடவில்லை. வழிந்த தண்ணீரை வேம்பு குடித்தது.

அந்த வருடத் திருவிழாவுக்குக் கொத்தனாரையும் குடும்பத்தோடு அழைத்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கையிலிருந்த தம்ளர் தண்ணீரைத் தளத்தில் ஊற்றினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது மெதுவாகச் சுவர்ப் பக்கம் ஓடி மண்ணில் இறங்கியது.

"ஓடுது அண்ணாச்சி" என்றார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். என் மனைவி அவருக்கு முதல் தட்டில் மக்ரூன் வைத்தாள்.

தளம் போட நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கொத்தனாரை உட்கார வைத்து ஒரு காப்பி கொடுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.