மூலைக்குப் போன மந்திரி

சதுரங்கத்தில் தோற்றவரைப் பற்றி எழுதுவோர், அவர் கடைசியாகச் செய்த பிழையை எடுத்துக்காட்டி அவ்வளவோடு நிறுத்திவிடுவது வழக்கம். 2024 டிசெம்பர் 12ஆந் திகதி சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் பதினான்காம் ஆட்டத்துக்கும் அக்கதியே நேர்ந்தது. சீனத்து டிங் லிரென் ஐம்பத்தைந்தாம் நகர்விற் கோட்டையை வைக்கத் தகாத கட்டத்தில் வைத்தார். சென்னையிற் பிறந்து வளர்ந்த குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியனானார். செய்தித்தாள்களுக்கு அது போதும். ஆயின் பலகையை விரித்து முதல் நகர்விலிருந்து மெல்ல ஆடிப் பார்ப்பவர்க்கு, அந்தப் பிழையின் வித்து வெகு முன்னரே ஊன்றப்பட்டமை தெரியவரும்.

அன்றைய நிலைமையை முதலிற் சொல்லுதல் வேண்டும். பதின்மூன்று ஆட்டங்கள் முடிந்திருந்தன. முதலாம், பன்னிரண்டாம் ஆட்டங்கள் டிங்குக்கு, மூன்றாம், பதினோராம் ஆட்டங்கள் குகேஷுக்கு, எஞ்சியவை சமநிலை. எனவே இருவருக்கும் ஆறரைப் புள்ளி. கடைசி ஆட்டமும் சமநிலையாயின் மறுநாள் விரைவு ஆட்டங்களால் முடிவு காண்பர். 2023இல் அஸ்தானாவில் நெப்பொம்னியாச்சியை டிங் அப்படித்தான் வென்று பட்டம் பெற்றார். ஆகவே கடைசி நாளில் வெள்ளைக் காய் அவர் கையில் இருந்தும், அவர் மனம் நாடியது போரையன்று, சமாதானத்தையே என்று எமக்குத் தோன்றுகிறது.

அவர் முதலிற் குதிரையை வெளியே விட்டார். அடுத்துக் காலாள் ஒன்றை ஒரு படி நகர்த்தி, அவ்விடைவெளியில் மந்திரியை வைத்துப் பலகையின் நீண்ட மூலைவிட்டம் முழுவதையும் அதன் பார்வைக்குக் கொடுத்தார். ரெட்டி என்பவரின் பெயர் பெற்ற இத்தொடக்கம் கோழையின் தொடக்கமன்று. எட்டாண்டுகள் தோல்வியே காணாதிருந்த காப்பாப்ளாங்காவை 1924இல் நியூயோர்க்கில் ரெட்டி வீழ்த்தியது, குதிரையை முன்விட்டு, நடுக்கட்டங்களைத் தூரத்திலிருந்தே தாக்கும் இம்முறையினால்தான். குகேஷோ இரண்டாம் நகர்வுக்குள் இரு காலாட்களை நடுவே நிறுத்தி, வந்து தாக்கும்படி அழைத்தார். இருவருக்கும் வெல்ல வழியுள்ள ஆட்டம் அது.

ஆயின் டிங் அவ்வழியே செல்லவில்லை. பதினெட்டாம் நகர்வில் அவருடைய குதிரை பலகையின் நடுவில் அழகாக வந்தமர்ந்தது. இரண்டு நகர்வு கழித்து அதனையே மாற்றுக்குக் கொடுத்தார். பின்னர் கருங்கட்ட மந்திரிகள் போயின. இருபத்தொன்பதாம் நகர்வில் முற்றுகைக்குள்ளான தம் காலாள் ஒன்றை விட்டுக்கொடுத்து, அதற்கு விலையாக அரசிகளையும், உடனே ஒரு சோடிக் கோட்டைகளையும் பலகையிலிருந்து இறக்கினார். ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே பார்த்தாற் சரியானதே. கணிப்பொறியைக் கேட்டாலும் "சமன்" என்றே சொல்லும். எமது பாடசாலைச் சதுரங்கக் கழகத்துப் பிள்ளைகளும் கைத்தொலைபேசியிற் பார்த்துவிட்டு, "சேர், இனிச் சமன்தானே?" என்று கேட்டார்கள். (அந்த நாட்களில் வடக்கெங்கும் அடைமழை. உயர்தரப் பரீட்சையே சில நாள் இடைநிறுத்தப்பட்டிருந்தது.)

குகேஷ் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. ஒரு காலாள் அதிகம், தோற்கும் அபாயமில்லை, கடிகாரத்தில் நேரமும் மிகுதி. தொடர்ந்து ஆடுவதனால் அவருக்கு ஒரு செலவுமில்லை. ஆகவே ஆடினார்.

இனி அந்த மந்திரியைக் கவனியுங்கள். மூன்றாம் நகர்வில் நீண்ட மூலைவிட்டத்தில் ஏறிய அது, ஆட்டம் முழுவதிலும் அக்கோட்டை விட்டு ஒருமுறையேனும் விலகவில்லை. மேலும் கீழுமாக நடந்து, ஐம்பத்துமூன்றாம் நகர்வில் அதன் மறுகோடியாகிய மூலைக் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பலகையில் வேறெங்கு நின்றாலும் மந்திரிக்கு இரண்டு வழியாவது உண்டு; மூலையில் ஒன்றே. எமது உருத்திரபுரத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இரணைமடு நீரை நம்பி வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் செய்பவன் நிலை அது: நடுவில் ஒருவன் மறித்தால் முடிந்தது.

ஐம்பத்தைந்தாம் நகர்வில் டிங் கோட்டையைப் பக்கவாட்டிற் தூர எடுத்திருந்தால் ஆட்டம் சமநிலையே. அவரோ அதனையும் மாற்றுக்கு நீட்டினார். குதிரை, மந்திரி, அரசி, ஒரு கோட்டை என அன்று முழுதும் கொடுத்துக் கொடுத்தே அமைதி தேடிய கை, கடைசிக் கோட்டையையும் கொடுத்தது. கோட்டைகள் விழுந்ததும் குகேஷின் மந்திரி மூலைவிட்டத்தின் நடுவில் வந்து நின்று மறித்தது. மந்திரிகளும் மாறின. எஞ்சியவை இரண்டு காலாட்களுக்கு எதிரே ஒன்று. ஐம்பத்தெட்டாம் நகர்வுடன் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். வென்றவர் கண்ணீரோடு காய்களைப் பழையபடி வரிசையாக அடுக்கினார். ஏழு வயதில், 2013இல், ஆனந்தும் கார்ல்சனும் சென்னையில் ஆடியதைப் பார்வையாளர் பகுதியிலிருந்து பார்த்த பிள்ளை அவர்.

டிங்கை எள்ளுவது எம் நோக்கமன்று. பட்டம் வென்ற பின் மனச்சோர்வினால் வருந்தியதை அவரே வெளிப்படையாகக் கூறியவர். அந்நிலையிலும் பதின்மூன்று ஆட்டங்களைச் சமனாகக் கொண்டுவந்தவர். அன்றியும், உள்ளதைக் காத்தாற் போதும் என்னும் மனத்தை நாம் அறியாதவர் அல்லோம். 2008இல் சட்டி பானையோடு இவ்வூரை விட்டு நீங்கி, போர் முடிந்த பின் கூரையற்ற வீடுகளுக்குத் திரும்பிய தலைமுறை எம்முடையது. இழக்காதிருத்தலே எமக்கு வெற்றியாய் இருந்தது.

ஆனால் எம் பிள்ளைகளுக்கும் அதுவே அளவுகோலாகிவிட்டதோ என்பதுதான் கவலை. வலயமட்டப் போட்டியில் எம் மாணவி ஒருத்தி ஒரு காலாள் அதிகமாயிருக்க, எதிரி கை நீட்டியதும் சமநிலைக்கு இசைந்துவிட்டாள். காரணம் கேட்டோம். "தோற்காமல் வந்தாற் காணும் எண்டு அம்மா சொன்னவ, சேர்" என்றாள். அந்தத் தாயை நாம் அறிவோம். அவரைக் குறைசொல்ல எமக்கு நா எழவில்லை.

தவணை தொடங்கியபின் இவ்வாட்டத்தின் முப்பத்திரண்டாம் நகர்வு நிலையைப் பலகையில் அமைத்து, வெள்ளையை நாம் எடுத்துக்கொண்டு, கறுப்பை அவளிடம் கொடுத்தோம். இருமுறை சமநிலைக்குக் கை நீட்டினோம். முதன்முறை அவள் எம் முகத்தைப் பார்த்தாள். இரண்டாம்முறை பலகையையே பார்த்தாள். அன்று அவள் வெல்லவில்லை. எம் மந்திரியை நாம் மூலைக்குப் போகவிடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே நிலையிலிருந்து ஆட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.