எங்கே இருக்கிறது என்பதும் கணக்குதான்

காஜாங்கில் குடியிருந்து கோலாலம்பூரில் வேலை பார்ப்பவர்களுக்குத் தூரத்தின் விலை தெரியும். 2017 ஜூலையில் எம்ஆர்டி ரயில் காஜாங் வரை முழுமையாக ஓடத் தொடங்கியதும் பயணம் சுலபமானது. தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது. சர்வர்களைப் பராமரிக்கும் என் தொழிலிலும் இந்தத் தூரத்தைத்தான் நாள்தோறும் பார்க்கிறேன்.

இரண்டு புரோசெசர் உள்ள சர்வரில் நினைவகம் ஒரே குவியலாக இருப்பதில்லை. ஒவ்வொரு புரோசெசருக்கும் அருகில் அதற்கென்று ஒரு பங்கு உண்டு. புரோசெசரையும் அதன் பங்கையும் சேர்த்து நோடு என்போம். இந்த அமைப்புக்கு நியூமா என்று பெயர். 2003இல் ஏஎம்டியின் ஆப்டெரான் நினைவகக் கட்டுப்பாட்டைப் புரோசெசருக்குள்ளேயே கொண்டுவந்தபின், சாதாரண சர்வர்களிலும் இது பரவியது. அடுத்த நோடின் நினைவகத்தையும் எடுக்கலாம்; ஆனால் இடையிலுள்ள இணைப்பைத் தாண்டிப் போய்வர வேண்டும். லினக்ஸ் காட்டும் தூர அட்டவணையில் சொந்த நோடுக்கு 10, மற்றதற்குப் பல சர்வர்களில் 20 அல்லது 21 என்று இருக்கும்.

நிரல் நினைவகம் கேட்டால் லினக்ஸ் கர்னல் முதலில் முகவரியை மட்டுமே கொடுக்கிறது. அந்த இடத்தில் முதன்முறை எழுதும்போதுதான், பொதுவாக 4 கிலோபைட் அளவில், உண்மையான இடம் ஒதுங்குகிறது. அதுவும் எழுதிய புரோசெசரின் நோடிலேயே. தொடக்கத்தில் நிரலின் ஒரே த்ரெட் (செயலிழை) எல்லாவற்றையும் எழுதி நிரப்பிவிட்டால், தரவு முழுவதும் ஒரு நோடில் குவிந்துவிடும். 2010இல் மைஎஸ்கியூஎல் வல்லுநர் ஜெரமி கோல் விளக்கியது இந்தச் சிக்கலைத்தான்: நினைவகம் மிச்சமிருந்தும் மைஎஸ்கியூஎல் தரவுத்தள சர்வர்கள் ஸ்வாப்புக்கு, அதாவது நினைவகத்துக்குப் பதிலாக வன்தட்டுக்கு, போயின. ஒரு நோடு நிரம்பி வழிய, மற்றதில் இடம் கிடந்தது. எல்லா நோடுகளிலும் மாறி மாறிப் பரப்பி ஒதுக்கச் சொல்வது அவர் காட்டிய வழி.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2014இல் வந்த மாற்றம். அதற்குமுன், நோடுகளுக்கிடையே தூரம் அதிகமுள்ள இயந்திரங்களில், சொந்த நோடு நிரம்பினால் கர்னல் அடுத்த நோடைத் தேடாமல், அங்கேயே சேமித்திருந்த கோப்புத் தரவைக் கழித்து இடம் உண்டாக்கும். கழித்ததை மறுபடி வன்தட்டிலிருந்து படிக்க நேர்ந்தால், அடுத்த நோடுக்குப் போவதைவிடப் பல ஆயிரம் மடங்கு தாமதம். கர்னல் உருவாக்குநர் மெல் கோர்மன் அந்த வழக்கம் தானாக இயங்காதபடி அணைத்து வைத்தார்; லினக்ஸ் 3.16இல் அந்த மாற்றம் வந்தது. அருகில் கிடைத்தால் நல்லது. அதற்காகக் கையிலிருப்பதை இழப்பது நல்லதல்ல. அந்தச் சிறு திருத்தத்தில் ஆழ்ந்த நிதானம் இருப்பதாக நினைக்கிறேன்.

காஜாங் வட்டாரத்தில் தெனாகா நேஷனல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கணினி படிக்கும் நம் பிள்ளைகள் இதை முதலிலேயே அறிய வேண்டும் என்பது என் ஆசை. மொத்தம் எவ்வளவு என்ற ஒற்றை எண் எந்த நோடு தவிக்கிறது என்று சொல்லாது. நோடுவாரியாகப் பார்க்கப் பழகியவர்தான், இடம் மிச்சமிருக்கும் சர்வர் ஏன் திணறுகிறது என்று கண்டுபிடிப்பார்.