எஞ்சினின் வயதை எதால் அளப்பது?

ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினின் கையேடு ஆயில் மாற்றக் கெடு சொல்லும்போது மாதத்தையும் மணியையும் சேர்த்தே சொல்கிறது: முதல் தடவை 1 மாதம் அல்லது 20 மணி நேரம், அதன்பின் 6 மாதம் அல்லது 100 மணி நேரம், எது முந்துகிறதோ அது. ஜெனரேட்டரிலும் தண்ணீர் பம்பிலும் பரவலாக இருக்கும் எஞ்சின் இது. மாதத்தைச் சொல்லக் காலண்டர் இருக்கிறது. மணியைச் சொல்லப் பெரும்பாலான சிறு இயந்திரங்களில் எதுவும் கிடையாது. எஞ்சினை மணியால் அளக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், ஓடிய மணியை எண்ணும் ஹவர் மீட்டரைத் தனியே வாங்கிப் பொருத்துவது ஏன் அவசியம் என்பதும் விளங்கிவிடும்.

ஒரு தடம் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக்குப் போகிறது. அங்கே ஸ்பிரிங்ஃபீல்டில் ஜான் வெஸ்டன் ஹாப்ஸ் 1938இல் தொடங்கிய நிறுவனம் வாகனங்களுக்கான மின்கடிகாரங்களைச் செய்தது. சிறு விமானங்களில் ஓடிய நேரத்தைக் காட்டும் கருவிக்கு இன்றும் அவர் பெயர்தான். பல விமானங்களில் ஆயில் அழுத்தம் ஏறினால்தான் அது எண்ணத் தொடங்கும். இன்னொரு தடம் வயலில் இருக்கிறது. ஃபோர்டு 8என் டிராக்டரில் 1950இல் வந்த ‘புரூஃப் மீட்டர்’ எஞ்சினின் சுழற்சியிலேயே இயங்கியது. இவ்வகை மீட்டருக்குக் கடிகாரம் வேண்டாம், சுற்றுகளே கணக்கு. நிமிடத்துக்கு 1500 சுற்றை அளவாகக் கொண்ட மீட்டர், 750 சுற்றில் ஒரு மணி நேரம் ஓடிய எஞ்சினுக்கு அரை மணி என்றே காட்டும். எஞ்சினின் தேய்மானத்துக்கு நெருக்கமான அளவு இதுதான் என்பது என் துணிபு.

கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சிறு எஞ்சினில் பேட்டரியும் இல்லை, சுழற்சியை மீட்டருக்குக் கொண்டுவரும் கேபிளுக்கு இடமும் இல்லை. இருப்பது ஸ்பார்க் பிளக்கின் பொறி. பிளக் ஒயர்மேல் மீட்டரின் மெல்லிய ஒயரைச் சில சுற்று சுற்றினால், ஒவ்வொரு பொறியின் துடிப்பும் அதில் பதியும். துடிப்பு வந்துகொண்டிருக்கும்வரை மீட்டர் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அப்படியானால் இதுவும் வெறும் கடிகாரம்தானே, சுற்றைக் கணக்கிட்ட டிராக்டர் மீட்டரின் நேர்மை இதில் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரும் சாதாரண இருதுருவ ஜெனரேட்டர் ஏறக்குறைய 3000 சுற்றிலேயே ஓடியாக வேண்டும். வேகம் மாறாத இடத்தில் மணியும் சுற்றும் ஒன்றே. 100 மணி நேரம் என்றால் 1.8 கோடி சுற்று. ஜிஎக்ஸ்160இல் அத்தனையையும் தாங்குவது சுமார் 0.58 லிட்டர் ஆயில். அதை வடிகட்ட ஃபில்டரும் இல்லை. எஞ்சின் அதை உள்ளே வாரித் தெளித்துத்தான் பாகங்களை நனைக்கிறது.

நோட்டில் எழுதி வைத்தால் போதாதா என்பார்கள். நாலு கை மாறும் வாடகை இயந்திரத்துக்கும், நள்ளிரவில் மின்சாரம் போனதும் போடும் ஜெனரேட்டருக்கும் யார் நேரம் குறிப்பார்கள்? ஆயில் குறைந்தால் எஞ்சினைத் தானே நிறுத்தும் சென்சார் இருக்கிறதே என்றால், அதற்கு ஆயிலின் அளவு தெரியும், கெட்டுப்போனது தெரியாது. தினம் 4 மணி நேரம் ஓடினால் முதல் கெடு 5 நாளில் வந்துவிடும், அடுத்த 100 மணி 25 நாளில் தீரும். காலண்டரை நம்பியிருப்பவர் ஆறு மாதம் காத்திருப்பார்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. பேட்டரியில் இயங்கும் இரண்டு ஒயர் மீட்டரை எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்ச் ஒயரில் இணைக்காதீர்கள். பொறி நின்றுபோகலாம், மீட்டரும் கெடலாம். வேகமும் காட்டும் மீட்டரானால், ஜிஎக்ஸ்160 போன்ற நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினிலும் சுற்றுக்கு ஒரு பொறி என்றே அமையுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒன்று என வைத்தால் வேகம் இருமடங்காகத் தெரியும். டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது என்பதால் அதற்கு அதிர்வை உணரும் மீட்டர் போன்ற வேறு வகைதான் வேண்டும். பழைய எஞ்சினில் பொருத்துகிறவர்கள் அன்றே ஆயிலை மாற்றிவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள்.