நெய்வேலியில் இரண்டு அயலார்

பண்ருட்டியைத் தாண்டிக் கும்பகோணம் சாலையில் சென்றால், வடலூருக்கு முன்பாக நெய்வேலி நகரின் வளைவு வாயில் வருகிறது. உள்ளே நேர்கோடான வீதிகள், எண்ணிட்ட வட்டங்கள், அடர்ந்த நிழல். நம் பள்ளி மாணாக்கருடன் நாம் அங்கே சென்றிருந்தோம்.

1935-ஆம் ஆண்டில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டுகையில் கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1957 மே மாதம் 20-ஆம் தேதி நேரு சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். வேலையோ எளிதன்று. கரிப்படுகைக்கு அடியிலுள்ள ஊற்று நீர் ஓயாமல் மேல்நோக்கி அழுத்துகிறது. இரவு பகலாகப் பம்புகள் இறைக்காவிடில் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொண்டுவிடும்.

மண்ணை வாரும் ராட்சதச் சக்கர யந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. மின்சார நிலையமோ சோவியத் ருஷ்யாவின் உதவியால் எழுந்தது. "அவர்கள் இருவரும் பகைவர் அல்லவா, ஐயா?" என்றான் ஒரு பையன். நல்ல கேள்வி! 1961 ஆகஸ்டில் பெர்லின் நகரை இரு கூறாக்கிச் சுவர் எழும்பியது. அதே மாதத்தில்தான் இங்கே முதற்கரி கண்ணுக்குத் தெரிந்தது. ஜெர்மானிய யந்திரம் வெட்டிய கரியை ருஷ்யக் கொதிகலம் எரித்தது. எந்த அணியிலும் சேராத தேசத்துக்கு இரு தரப்பாரும் உதவ முன்வந்தனர். நம் ராஜதந்திரிகள் அதைச் சாமர்த்தியமாகவே பயன்படுத்திக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டும். ருஷ்யாவோடு தூதுவர் உறவு 1947 ஏப்ரலில், சுதந்திரத்துக்கு நான்கு மாதம் முன்பே, ஏற்பட்டுவிட்டது.

1962-இல் 50 மெகாவாட்டில் தொடங்கிய அந்நிலையம் 1970-இல் 600 மெகாவாட்டாக வளர்ந்தது. 1991-இல் சோவியத் ராஜ்யமே மறைந்தது. நிலையம் 2020 செப்டம்பர் வரை உழைத்துவிட்டு ஓய்ந்தது.

தூர தேசங்களோடு இவ்வளவு நயமாகப் பழகிய ஸ்தாபனம், வேலிக்கு அப்பாலுள்ள கிராமங்களோடு பழகிய விதத்தை நம்மால் மெச்ச இயலவில்லை. நிலம் கொடுத்தவர்கள் நிரந்தர வேலை கேட்டுப் பல்லாண்டுகளாகக் குரலெழுப்பி வந்திருக்கிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களுக்குள், கால்வாய் வெட்டுவதற்காக மண்வாரி யந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே சட்டப்படி எடுக்கப்பட்டது என்பது ஸ்தாபனத்தின் வாதம். அப்படியே இருக்கட்டும், பயிர் முற்றுவதற்குள் என்ன அவசரம்? அறுவடை வரை பொறுக்கலாகாதா என்று சென்னை உயர் நீதிமன்றமும் கேட்டது. ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் நஷ்டஈடு தரும்படி பின்னர் ஆணை பிறந்தது.