கோல் விழும்போது களத்தில் இல்லாதவர்

ஓய்வுபெற்ற பின்னரே லக்ரோஸ் ஆட்டம் பார்க்கத் தொடங்கினேன். முதலில் கோல் போட்டவரையே கண் தேடியது. இப்போது தேடுவது, தடுப்புக்கென்றே இறங்கும் நடுக்கள வீரரை.

ஆண்களுக்கான வெளிக்கள ஆட்டத்தில் அணிக்குப் பத்துப் பேர். கோல் காப்பாளர் நீங்கலாக, 72 அங்குலம் வரையான நீள மட்டை நால்வருக்கே அனுமதி. ஆதலால் இவ்வீரர் பலரின் கையில் 42 அங்குலத்தை மிஞ்சாத குட்டை மட்டையே. எதிரணி தேடிவந்து தாக்குவதும் அவரையே. துணை வரும்வரை வழிமறிப்பார். பந்து கிடைத்ததும் முன்னே கொடுத்துவிட்டு, தாக்கும் வீரருக்கு இடம்விட்டு வெளியேறுவார். கோல் விழும்போது அவர் களத்தில் இல்லை.

எங்கள் பத்திரிகையின் இரவுநேர உதவி ஆசிரியர்களும் அவ்வாறே. என் பிழைகளைத் திருத்தி, என் பெயரிட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டு, விடியுமுன் வீடு சென்றார்கள். பாராட்டு என்னைத் தேடி வந்தது. அவர்களுள் ஒருவருக்கேனும் நான் நன்றி சொன்னதில்லை.